அம்பத்தூருக்குப் போன தாம்பாளம்

ஜாம்ஷெட்பூர்
2-1-1946

அன்புத் தங்கை பூங்காவனத்துக்கு,

பரந்தாமன் எழுதுகிறேன். இங்கே குளிரில் பல் கிட்டுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நைனாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்கிறாளா?

ஒரு காரியம். அதை நீதான் செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையில் இஞ்சினீயரிங் மேல்படிப்புக்கு மனுப் போடுகிறேன். இங்கே பட்டறையில் பெரிய இயந்திரம் ஏதாவது பழுதானால், வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து தொடும்வரை நாங்கள் அதற்குத் துணி போர்த்திக் காத்திருக்கிறோம். அந்தத் துணியை எடுக்கிறவனாக நான் திரும்பி வரவேண்டும். இடம் கிடைத்தால் சர்க்கார் உபகாரச் சம்பளத்துக்கும் வழி இருக்கிறது.

மனுவுக்கு இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் தேவை. ஒன்றை என் மேலதிகாரி எழுதி அனுப்பிவிட்டார். மற்றதை எனக்குப் பாடம் சொன்னவர் எழுத வேண்டும். என்னை நன்றாக அறிந்தவர் உலகநாதன் சார். இப்போது வேலையிலிருந்து ஓய்வுபெற்று அம்பத்தூரில் வீட்டோடு இருக்கிறார். எத்தனை வருஷம் தெரியும், எப்படிப் படித்தான், உறவு ஏதாவது உண்டா என்றெல்லாம் கேட்கும் அச்சுத் தாளையும் வைத்து அவருக்கு எழுதி ஒரு மாதம் ஆகிறது. பதில் இல்லை. தபாலுக்குப் பதில் போடுவது அவருக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. நேரில் போய் நின்றால் எழுதிவிடுவார். மார்ச் முடிவுக்குள் அவர் கடிதம் கப்பல் தபாலில் ஏறாவிட்டால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

நைனாவோடு போ. ஆனால் நீ பேசு. நைனா பேசினால் மழை, மாடு, நெல் எல்லாம் பேசிவிட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு வருவார். தபால்காரர் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டுகிறவளிடம் இதைச் சொல்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வருகிறது. என்ன செய்வது, ஏழாவதோடு நின்றாலும் நம் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

பரந்தாமன்


முத்தாபுதுப்பேட்டை
20-1-46

அன்புள்ள அண்ணா,

நைனாவின் முழங்கால் பொங்கலுக்கு முந்தி வலித்தது, பொங்கலன்று வலிக்கவில்லை. அம்மாவின் கண் தேவலை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நானும் சுகமாக இருக்கிறேன்.

போன காரியம் முடிந்தது!

"பெரிய மனுஷன் ஊட்டுக்கு வெறுங்கைய வீசிகினு போறதா?" என்று அம்மா பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துத் தேய்த்தாள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பந்து கதம்பம் எல்லாம் வைத்தாள். மூன்று பேராகப் போகக் கூடாது என்று முத்தம்மாள் அத்தையும் கிளம்பினாள். தை வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று நைனா ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டார். ஆவடி ஸ்டேஷனில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை.

உன் வாத்தியார் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துத் துணியில் பரப்பி வைத்திருந்தார். நைனா தாம்பாளத்தை அவர் முன்னால் வைத்து, "எங்க புள்ள பரந்தாமன் விஷயமா வந்துகீறோம். எல்லாம் ஒங்க கையிலதான் கீது. நீங்க மனசு வெச்சா அவன் வாழ்க்க நல்லாயிடும்" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நான் சொல்ல வேண்டியதை ரயிலில் மனப்பாடம் செய்திருந்தேன். அங்கே போனதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. சார் முகம் மலர்ந்து, "பரந்தாமனா! தங்கமான பையனாச்சே" என்றார். அவர் சம்சாரம் பொன்னம்மாள் அம்மாள் உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் வந்தன. அவர்கள் மகள் நாகவல்லி பட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்து காப்பி கொடுத்து எங்களுக்கு நமஸ்காரம் செய்தாள். ஒரு கடிதம் கேட்டு வந்தவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று நாங்கள் ரயில் முழுக்கப் பேசிக்கொண்டு வந்தோம்.

"எங்க பெரியவங்களையும் ஒரு வார்த்த கலந்துட்டுச் சொல்றோம்" என்றார் சார். புறப்படும்போது ஒரு தூக்கு நிறைய சொஜ்ஜி கொடுத்தனுப்பினார்கள். உன் நட்சத்திரத்தையும் கேட்டார்கள். அவிட்டம் என்று அம்மா சொன்னாள். சரிதானே?

கன்றுக்கு நீயே ஒரு பெயர் எழுது.

பூங்காவனம்


ஜாம்ஷெட்பூர்
29-1-46

பூவு,

கன்றுக்கு லட்சுமி என்று வை. நான் சுகம். நீ சாதித்துவிட்டாய்! உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

அவிட்டம் சரிதான். எதற்கு அது என்றுதான் விளங்கவில்லை. அச்சுத் தாளில் பிறந்த தேதி கேட்டிருக்கிறது, அதற்காக இருக்கலாம். பெரியவர்களைக் கலப்பது எதற்கு என்பதும் விளங்கவில்லை. கல்லூரியின் பழைய ஆசிரியர்களாக இருக்கும்.

காப்பி கொண்டுவந்தது நாகவல்லி என்றா எழுதினாய்? அவள் மேலே படிக்கிறாளா, வீட்டில்தான் இருக்கிறாளா? சும்மாதான் கேட்கிறேன்.

எல்லோருடைய உடம்பையும் பார்த்துக்கொள்.

பரந்தாமன்


முத்தாபுதுப்பேட்டை
14-2-46

அன்புள்ள அண்ணா,

லட்சுமி துள்ளுகிறது. அம்மா, நைனா, அத்தை எல்லோரும் நல்ல சுகம். வழக்கத்தைவிட அதிக சுகம்.

தூக்கை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா முறுக்கு சுட்டு என்னையும் அத்தையையும் அம்பத்தூருக்கு அனுப்பினாள். அவர்களும் வெறுமையாக அனுப்பக் கூடாது என்று பொரிவிளங்காய் உருண்டை போட்டார்கள். இப்படி அந்தத் தூக்கு இதுவரை மூன்று தடவை ரயில் ஏறிவிட்டது. டிக்கெட் பரிசோதகருக்கே என் முகம் பழகிவிட்டது. நாகவல்லி பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அண்ணா, அவளிடம் எனக்குப் பேச வருகிறது. நான் பேசுவதைக் கேட்டு அத்தை, "இவ ஊமையில்லடி!" என்று வியந்துபோனாள்.

போன புதன்கிழமை அவர்கள் ஏழு பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். சமையற்கட்டைப் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். எத்தனை கறவை என்று கேட்டார்கள். பொன்னம்மாள் அம்மாள் சுவரில் இருக்கும் உன் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஒன்று கேட்டார். அம்மா விழித்தாள். நைனாவைப் பார்த்தாள். நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கின்னா, பேஷா செய்யலாம்" என்றார்.

அவர்கள் போனபிறகு நான் சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். "தானா வருது, நீ வாய மூடிகினு இரு. அவனுக்கு இப்ப ஒண்ணும் எழுதாத, லீவுல வரட்டும்" என்று நைனா சொன்னார். அதனால் நான் ஒன்றும் எழுதவில்லை. இது நல்ல சேதிதான், பயப்படாதே.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

பூங்காவனம்


ஜாம்ஷெட்பூர்
22-2-46

பூவு,

பயப்படாதே என்று எழுதிய பிறகுதான் பயமாக இருக்கிறது. சிபாரிசு செய்கிறவர் எதற்காக நம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறார்? நைனா எதைப் பேஷாகச் செய்யலாம் என்றார்?

இங்கிருந்து என்னோடு மனுப் போட்ட இருவருக்குச் சிபாரிசு போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்துவிட்டது. எனக்கு இல்லை. நீ அம்பத்தூருக்குத்தான் அடிக்கடி போகிறாயே, கடிதம் போயிற்றா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு எழுது. நைனா சொன்னாலும் சரி, மறைக்காதே.

நான் சுகம். ஆனால் தூக்கம் இல்லை.

பரந்தாமன்


முத்தாபுதுப்பேட்டை
5-3-46

அன்புள்ள அண்ணா,

இங்கே ஒருவருக்கும் நோய்நொடி இல்லை. ஆனால் நீ உட்கார்ந்துகொண்டு படி.

நாம் கடிதம் கேட்கப் போனோம். அவர்கள் பெண் கேட்க வந்ததாக நினைத்துவிட்டார்கள். தை மாதம், வெள்ளிக்கிழமை, தாம்பாளம், ஜரிகை வேட்டி, இரண்டு சுமங்கலிகள், 'எங்க புள்ள விஷயமா'! வேறென்ன நினைப்பார்கள்? போதாததற்கு அவர்களும் நம்ம ஜனம்தான். ஏழு பேர் வந்த அன்று, நிச்சயதார்த்தம் செய்யலாமா என்று பொன்னம்மாள் அம்மாள் கேட்டபோதுதான் எங்களுக்கே புரிந்தது. இப்படி ஒரு சம்பந்தம் தேடினாலும் கிடைக்காது என்று நைனா அப்படியே விட்டுவிட்டார். எப்படியும் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதித்தானே தருவார் என்பது அவர் கணக்கு.

உன் ஒரே கேள்வியை நேற்று நாகவல்லியிடம் கேட்டேன். நான் இந்தக் குழப்பத்தைச் சொன்னபோது அவள் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் முகம் சுருங்கியது. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா ஒங்க அண்ணனுக்குப் பாதி லெட்டர் எழுதி வெச்சிருந்தார். நீங்க தாம்பாளத்தோட வந்த அன்னிக்கே அத எடுத்துக் கிழிச்சுட்டார்."

"ஏன்?"

"உறவு உண்டான்னு அந்தத் தாள்ல கேட்டிருக்காம். மாமனார் மாப்பிள்ளைக்கு சர்டிபிகேட் கொடுக்கறது நியாயமில்லயாம். வேற யாராவது எழுதுவாங்கன்னார்."

தாம்பாளம் அங்கே இருக்கும்வரை கடிதம் வராது. கடிதம் வேண்டுமென்றால் தாம்பாளம் திரும்ப வேண்டும். எது வேண்டும் என்று நீ சொல்.

இன்னொன்று. "மழையில வரைபடத்தச் சட்டைக்குள்ள வெச்சுகினு வந்து, தான் மட்டும் சொட்டச் சொட்ட நின்னாரே, அவர்தானே?" என்று நாகவல்லி கேட்டாள். நான் எனக்குத் தெரியாது என்றேன். நீதானா?

உடனே பதில் எழுது.

பூங்காவனம்


முத்தாபுதுப்பேட்டை
20-3-46

அன்புள்ள அண்ணா,

சுகமா என்று கேட்கக்கூட பயமாக இருக்கிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரருக்காகக் கதவுக்கு வெளியிலேயே வந்து நின்றேன். "இன்னா பாப்பா, கதவு எங்க போச்சு?" என்று அவர் கேலி செய்கிறார்.

மார்ச் முடியப்போகிறது. திங்கட்கிழமை அத்தையை மட்டும் அழைத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் போய்விட்டேன். சார் அதே கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சார்" என்றேன். அவர் நிமிரவில்லை. எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருக்கிறேன். மறுபடி சொன்னேன். "சார், நாங்க அன்னிக்கு வந்தது லெட்டர் கேக்க. பொண்ணு கேக்க இல்ல."

அவர் கையிலிருந்த பல்சக்கரம் உருண்டு பெட்டிக்கு அடியில் போய்விட்டது. பொன்னம்மாள் அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தை என் கையைக் கிள்ளினாள், இன்னும் நீலமாக இருக்கிறது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. ஆனால் பல்சக்கரத்தைத் தேடுகிற சாக்கில் கீழே குனிந்து, குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பெட்டிக்கு அடியில் பார்த்துப் பேசுவது எளிதாக இருந்தது.

எழுந்து பல்சக்கரத்தை நீட்டினேன், சார் வாங்கித் துணியில் வைத்தார். பிறகு, "பொன்னம்மா, அவங்க தாம்பாளத்த எடுத்துட்டு வா" என்றார்.

"தாம்பாளம் இருக்கு. தேங்காயத்தான் எப்பவோ சட்னி அரச்சாச்சே" என்றார் அம்மாள்.

"வெறும் தட்டக் கொடுத்தா திருப்பினதா ஆகுமா?" என்று சார் குடையை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் தாமே கடைத்தெருவுக்குப் போனார். தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வாங்கிவந்து, நாம் வைத்தபடியே வைத்து என் கையில் கொடுத்தார். "இப்ப உனக்கும் எனக்கும் உறவு இல்ல. சரிதானே?" என்றார். "சரி சார்" என்றேன். பிறகு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். எழுதி, ஒட்டி, தபாலாபீசுக்கும் அவரே போனார். கண்ணால் பார்த்தேன்.

நாகவல்லி வாசல்வரை வந்தாள். "நீ செஞ்சது சரிதான். ஆனா ஒரு வாரம் உன்னோட பேசமாட்டேன்" என்றாள். கண் சிவந்திருந்தது.

தாம்பாளத்தோடு திரும்பிவந்த என்னைப் பார்த்து அம்மா அழுதாள். நைனா என்னோடு பேசவில்லை, லட்சுமியோடு பேசுகிறார்.

உனக்கு இடம் கிடைக்க வேண்டும்.

பூங்காவனம்


ஜாம்ஷெட்பூர்
17-3-46

பூவு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு தரம் எழுதிக் கிழித்தேன், அதுதான் தாமதம்.

அது நான்தான். அன்று வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றேன். சார் வரைபடத்தை மட்டும் பார்த்தார். அவள் ஒரு துண்டும் சுக்குக் காப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "படம் நனையல, ஆளு நனைஞ்சா பரவாயில்லயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். மூன்று வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வாத்தியார் வீட்டில் படிக்கப் போனவன் அப்படி நினைக்கலாமா என்று எனக்கே வெட்கம்.

சர்வகலாசாலை எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த வருஷம் வேறு யாரிடமாவது சிபாரிசு வாங்கி மறுபடி மனுப் போடுகிறேன். தாம்பாளம் அம்பத்தூரிலேயே இருக்கட்டும். நீ ஒன்றும் செய்யாதே, ஒன்றும் சொல்லாதே. அது உனக்கு எளிதுதானே!

பரந்தாமன்


முத்தாபுதுப்பேட்டை
25-3-46

அன்புள்ள அண்ணா,

நீ 17-ந் தேதி எழுதியது 22-ந் தேதி வந்தது. நான் எழுதியது இப்போது உன் கையில் இருக்கும். ஆயுளிலேயே ஒரு தடவைதான் நான் வாய் திறந்தேன். அது இப்படி ஆகிவிட்டது.

நைனாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலையில் கைவைத்துக்கொண்டு, "இத ஒரு வாரம் முந்தி எழுதினா இன்னாவாம் அவனுக்கு! பொட்டச்சி வாயத் தொறந்துட்டா, இவன் மூடிகினான்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தும்விட்டார். ஆகவே பேசுகிறார்.

ஒரு வாரம் கழித்து நாகவல்லியிடம் போனேன். சார் முடிவாகச் சொல்லிவிட்டாராம்: அமெரிக்காக்காரர்கள் மறுபடி ஏதாவது கேட்டு எழுதலாம், உன் மனு ஒரு முடிவுக்கு வரும்வரை நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் உறவுப் பேச்சே இருக்கக் கூடாது. நடுவில் திருவேற்காட்டிலிருந்து ஒரு நெல் மண்டிக்காரர் வீட்டில் நாகவல்லியைக் கேட்கிறார்கள். பையனுக்கு இரட்டை மாட்டு வண்டியும் தங்கச் சங்கிலியும் இருக்கின்றனவாம். பொன்னம்மாள் அம்மாளுக்குக் கொஞ்சம் ஆசை.

எனக்கு ஒரே ஒரு தைரியம்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டுத் தூக்கு இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

சாப்பாட்டைக் குறைக்காதே.

பூங்காவனம்


ஜாம்ஷெட்பூர்
1-8-46

என் தங்கைக்கு,

இத்தனை மாதமும் கார்டில் சுகம், சுகம் என்று மட்டுமே எழுதினேன். இன்றைக்குத்தான் நிஜமாகவே சுகம். இடம் கிடைத்துவிட்டது! உபகாரச் சம்பளமும் உண்டு. வகுப்பு பிப்ரவரியில். கார்த்திகையில் கப்பல். 'உம்முடைய ஆசிரியரின் கடிதம் எங்கள் ஐயங்களைத் தீர்த்தது' என்று எழுதியிருக்கிறார்கள். நீ குனிந்து பேசியது கடல் தாண்டிப் போயிருக்கிறது, பூவு.

நாகவல்லியை யாருக்காவது நிச்சயம் செய்துவிட்டார்களா? இதை எழுத எனக்குக் கை வரவில்லை, நீ கார்டுகளில் எழுதவுமில்லை. அப்படி ஆகியிருந்தால் அதையும் எழுது. ஆகாமல் இருந்தால், ஆடி கழிந்ததும் தாம்பாளத்தை இன்னொரு தரம் எடுத்துப் போங்கள். ஆனால் எதற்கு என்பதை இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிடு. நைனா சொல்ல வேண்டாம். நீ சொல்.

பரந்தாமன்


முத்தாபுதுப்பேட்டை
24-8-46

அன்புள்ள அண்ணா,

நைனாவின் முழங்கால், அம்மாவின் கண், லட்சுமியின் வயிறு எல்லாம் சரியாக இருக்கின்றன. உனக்குப் பொறுமை இருக்காது என்று தெரியும். ஆனாலும் நடந்ததை வரிசையாகத்தான் எழுதுவேன்.

உன் கடிதம் வந்ததும் ஆடி எப்போது முடியும் என்று அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நேற்று ஆவணி முதல் வெள்ளி. அதே நாலு பேர், அதே தாம்பாளம், அதே ஜரிகை வேட்டி. ஸ்டேஷனில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அந்தக் கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. சார் எழுந்து நின்றார். ஆனால் தாம்பாளத்தைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது எதுக்கு வந்திருக்குன்னு தெரியாம நான் வாங்கறதா இல்ல" என்றார்.

நைனா தொண்டையைச் செருமினார். "இந்த வருஷம் ஏரியில தண்ணி..." என்று ஆரம்பித்தார். அம்மா அவர் காலை மிதித்தாள். மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

குனிந்து தேட இந்தத் தடவை எதுவும் உருளவில்லை. நான் சார் முகத்தைப் பார்த்தேன்.

"எங்க அண்ணனுக்கு நாகவல்லியக் கேட்டு வந்துகீறோம் சார்."

"லெட்டர் ஒண்ணும் வேண்டாமே?"

"வாணாம் சார். அது கப்பல் ஏறிடுச்சு."

உள்ளே டம்ளர் ஒன்று விழுந்து உருளும் சத்தம் கேட்டது. சார் இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். "திருவேற்காட்டுக்காரங்களுக்கு ஆடி கழியட்டும்னு நான் சொன்னது இதுக்குத்தான்னு இவளுக்கு இப்பத்தான் புரியுது" என்று பொன்னம்மாள் அம்மாளைக் காட்டிச் சொன்னார். அம்மாளும் சிரித்துக்கொண்டே குங்குமச் சிமிழை எடுக்கப் போனார்.

காப்பி வர வெகுநேரம் ஆனது. நாகவல்லி எனக்குக் கொடுக்கும்போது மட்டும் மெதுவாக, "இனிமே ஒரு வாரமெல்லாம் பேசாம இருக்க முடியாது, நாத்தனார் ஆயிட்டியே" என்றாள்.

அவர்கள் தூக்கை அதிரசத்தோடு திருப்பிக் கொடுத்தோம். திரும்பி வரும்போது அது மறுபடி என் மடியில்தான் இருந்தது, நிறைய சொஜ்ஜியோடு. சீக்கிரம் வா. நீ வருவதற்குள் ஆறிவிடும். ஆனால் அதற்குள் அது இன்னும் எத்தனையோ தடவை ரயில் ஏறிவிடும்.

உன் தங்கை
பூங்காவனம்